ஒரு தட்டு தட்டினால் நிறுத்து

இது நடந்ததுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை கட்டுகிற ஆள் நான் இல்லை. கட்டத் தெரிந்திருந்தால் முடிவை வேறு மாதிரி வைத்திருப்பேன். நம்பாதவர்கள் திருமயம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மாட்டிய வண்டியை இழுக்கிற குழந்தைசாமி வீடு எது என்று யாரிடமாவது கேளுங்கள். வாசலில் என் பிக்கப் நிற்கும். இரண்டு மழைக்காலம் போய்விட்டது, நான் சாவியைத் தொடவில்லை. டயர் நாலும் இன்னும் புதுசு மாதிரியே இருக்கின்றன.

கண்மாயின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். திருமயத்தில் இருந்து கிழக்கே, தைல மரக் காட்டைத் தாண்டி இருக்கிறது. அவ்வளவு போதும்.

பேய்க் கதை கேட்க உட்கார்ந்தவர்களிடம் டயரைப் பற்றிப் பேசினால் கொட்டாவி விடுவீர்கள். விடுங்கள், பரவாயில்லை. டயரில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

என் வண்டி நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப். காரைக்குடி ரோட்டில் ஒரு கார் நின்றுபோனால் பெல்ட்டைக் கட்டி புதுக்கோட்டை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போவேன். தைல மரக் காட்டில் லோடு வண்டி புதைந்தால் உள்ளே இறங்கித் தூக்குவேன். ஆக எனக்குத் தார் ரோடும் வேண்டும், சேறும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே டயர். இதுதான் இந்தத் தொழிலில் தீராத தலைவலி.

கூட வேலை பார்த்தவன் அருள்மணி. என் மனைவி இலக்கியாவின் தம்பி, அவளுக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருவன்தான். இருபத்தாறு வயது. வாய் ஓயாது. நான் சிடுமூஞ்சி, அவன் அதைப் பார்த்துச் சிரிக்கிறவன். எனக்கு அவன் மாப்ள, அவனுக்கு நான் மச்சான்.

ஐப்பசியில் மழை தொடங்கும் முன்பே பழைய டயர் தேய்ந்துவிட்டது. புதுக்கோட்டையில் ஜஸ்டின் கடைக்குப் போனோம். பல வருடமாக அவர்தான் எனக்கு டயர் மாட்டுகிறவர். டயரை ஒரு தடவு தடவிப் பார்த்தார்.

"என்னண்ணே இது, மொழுமொழுன்னு இருக்கு? எங்க வீட்டு டைல்ஸ் தேவலாம்."

மூன்று விதமான டயரை உருட்டிக்கொண்டு வந்து போட்டார். முதலாவது ரோடு டயர். நேர் கோடாக வெட்டு, தாரில் சத்தமே இருக்காது, சேற்றில் இறங்கினால் அம்போ. இரண்டாவது மட் டயர். பெரிய பெரிய கட்டிகள், நடுவில் அகலமான இடைவெளி. சேற்றை வாரி வெளியே துப்பிவிடும். ஆனால் தாரில் இன்னொரு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஓடினால் ஹோவென்று இரைச்சல், வண்டி அலையும், ஈர ரோட்டில் பிரேக் சீக்கிரம் பிடிக்காது. மூன்றாவது நடுவாந்திரம். கட்டியும் இருக்கும், இடைவெளி குறுகலாக இருக்கும்.

"நூறு கிலோமீட்டர் ஓடுனா எம்புட்டு தாரு, எம்புட்டு சேறுண்ணே?" என்று ஜஸ்டின் கேட்டார்.

"எம்பது தாரு. இருபது சேறு."

"அப்ப இந்த நடுவுல உள்ளதப் போடுங்க. இழுக்குற வண்டிக்கு முதல்ல பக்கச்சுவரப் பாக்கணும். பின்னாடி பாரம் தொங்கும்போது டயரு நசுங்கக் கூடாது. இது நல்லா தாங்கும். செம்மண்ணு, சரளை, மணலு எல்லாத்துலயும் ஏறும்."

"களிமண்ணுல?" என்று அருள்மணி கேட்டான்.

"களிமண்ணுல கொஞ்சம் கொறையும் தம்பி. இடுக்குல அப்பிக்கிட்டா துப்பாது. சுத்தும்."

"கேட்டீங்களா மச்சான்? மட் டயரப் போடுங்க. நம்மளக் கூப்புடுறவன் பூராம் சேத்துல மாட்டுனவந்தான்."

"தாரு ரோட்டுல காரைக் கட்டிக்கிட்டு பிரேக் அடிக்கையில நீ வந்து முன்னாடி நின்னு தாங்குவியா?"

"ஏன், நாந்தான் எப்பவும் பின்னாடி நின்னு தாங்குறேனே."

ஜஸ்டின் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. நடுவில் உள்ளதையே போட்டோம். கோட்டை பைரவர் கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். கணக்குப்படி நான் எடுத்த முடிவு சரி. இப்போதும் எந்த டயர்க் கடைக்காரரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்.

அவன் பின்னால் நிற்பதாகச் சொன்னான் அல்லவா, அதை விளக்கிவிடுகிறேன். வண்டியின் பின்பக்கம் ஆள் நிற்க ஓர் இரும்புப் படி வெல்டிங் வைத்திருந்தேன். மோசமான இடத்தில் அருள்மணி அதில் தொற்றிக்கொண்டு, சக்கரம் எங்கே இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே வருவான். மேலே கட்டிய தார்ப்பாய் மறைப்பதால் எனக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. அவன் உள்ளங்கையால் வண்டியின் பாடியில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போ. லாரி, பஸ் எல்லாவற்றிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் எனக்கு அது ஊறிப்போய்விட்டது. தட்டுச் சத்தம் காதில் விழுந்தால் நான் யோசிப்பதில்லை. கால் தானாக மிதிக்கும், தானாக எடுக்கும்.

கார்த்திகை மாதம். மூன்று நாளாக விடாத மழை. சாயங்காலம் ஐந்து இருபதுக்கு போன் வந்தது.

"சார், வண்டி இழுக்குறவங்களா? என் பேரு ரகுநாத். கண்மாய்க்கு உள்ள பள்ளத்துல கார் எறங்கிருச்சு சார். தண்ணி ஏறிக்கிட்டே வருது. வொய்ஃபுக்குக் கால்ல மாவுக்கட்டு. எறங்கி நடக்க முடியாது."

குறுக்கு வழி என்று போனில் மேப் பார்த்துப் போயிருக்கிறார். படித்தவர்களுக்கு இந்த மேப் ஒரு சனியன். திட்டிக்கொண்டே கிளம்பினேன். நான் வண்டியைத் திருப்புவதற்குள் அருள்மணி நீல நிற மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டான்.

தாரை விட்டு இறங்கி, தைல மரக் காட்டுக்குள் செம்மண் பாதை. டயர் அருமையாகப் பிடித்தது. "பாத்தியா?" என்றேன். "பாத்தேன் பாத்தேன்" என்றான்.

ஆறு மணி இருக்கும், தரைப்பாலத்துக்கு வந்தோம்.

கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக வழிகிற தண்ணீர் போகும் ஓடை அது. மேலே சிமெண்ட் ரோடு, அடியில் தண்ணீர் போக வரிசையாகப் பெரிய சிமெண்ட் குழாய்கள். அன்றைக்குக் குழாய் கொள்ளாமல் தண்ணீர் ரோட்டுக்கு மேலேயும் ஓடியது. முழங்காலுக்குக் கீழேதான். போகலாம். ஆனால் பாலத்தில் ஏறுகிற இடத்தில் கண்மாய்க் களிமண் வந்து படிந்து கிடந்தது. கறுப்பாக, வழுவழுவென்று.

முன்சக்கரம் சிமெண்டில் ஏறிவிட்டது. பின்சக்கரம் சுற்றியது. கிர்ர்ர் என்று நின்ற இடத்திலேயே சுற்றியது. டயர் இடுக்கெல்லாம் களிமண் அப்பிக்கொண்டு, புது டயர் மொட்டை டயர் ஆகிவிட்டது.

"நாந்தான் சொன்னேன்ல" என்று சிரித்தான் அருள்மணி. அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினான். நாலைந்து தைல மரக் கிளைகளை வெட்டி இழுத்து வந்து, ஒவ்வொன்றாகப் பின்சக்கரத்துக்கு அடியில் சொருகினான். நான் உள்ளே கிளட்சை மிதித்தபடி உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை இரைச்சல்.

இரண்டு தட்டு கேட்டது.

மிதித்தேன். கிளை நொறுங்கியது, டயர் கடித்தது, வண்டி எகிறி ஏறியது. தண்ணீர் ஓடுகிற பாலத்தில் நடுவில் நிறுத்தக் கூடாது. ஒரே மூச்சாக அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஒரு தட்டு.

நிறுத்தினேன். ஓடிவந்து ஏறுகிறான் போல என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு தட்டு கேட்டது. ஏறிவிட்டான், போகலாம் என்று அர்த்தம். நான் கிளம்பினேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது, கண்ணாடி முழுக்கச் சேறு.

அங்கிருந்து கார் நின்ற இடம் ஒரு கிலோமீட்டர். வழியில் ஒரு பெரிய பள்ளம். ஒரு தட்டு. நிறுத்தி, ஒடித்துத் திருப்பினேன். இரண்டு தட்டு. போனேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. வழக்கமாக அவன் தட்டினால் கூடவே வாயும் வரும். "ஒடிங்க மச்சான், இங்கிட்டு ஒடிங்க" என்று கத்துவான். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. மழைக்கு வாயை மூடிக்கொண்டு வருகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

கார் கதவின் பாதி வரை தண்ணீர். ரகுநாத் வெளியே நனைந்துகொண்டு நின்றார். அவர் மனைவி பிரகதாம்பாள் முன் சீட்டில், மாவுக்கட்டுப் போட்ட காலைத் தூக்கி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

வண்டியைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தினேன். "மாப்ள, பெல்ட்ட எடு" என்றேன்.

ஆள் வரவில்லை.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். படியில் யாரும் இல்லை.

ஒன்றுக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த நேரத்திலா போவான், அறிவு கெட்டவன் என்று திட்டினேன். பெல்ட்டை நானே எடுத்துக் காரில் மாட்டினேன். ரகுநாத்தை ஸ்டியரிங்கில் உட்காரச் சொல்லிவிட்டு வந்து ஏறினேன். "அருளு" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன்.

இரண்டு தட்டு.

சரி, வந்துவிட்டான். முதல் கியர் போட்டு மெதுவாக இழுத்தேன். கார் அசைந்தது. களிமண்ணை விட்டுச் சப்பென்று வெளியே வந்தது. என் வண்டி நின்ற இடத்தில் அடியில் சரளை, டயர் நன்றாகப் பிடித்தது. நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

திரும்பி வரும் வழியில்தான் கவனித்தேன்.

தட்டுச் சத்தம் பின்னால் இருந்து வரவில்லை.

பாடித் தகரத்தில் தட்டினால் டப் என்று கேட்கும். இது அப்படி இல்லை. இது... சிமெண்டில் தட்டுகிற மாதிரி, மொத்தென்று கேட்டது. அதுவும் கீழே இருந்து. என் காலுக்கு அடியில் இருந்து.

ஒரு தட்டு. நிறுத்தினேன்.

முன்னால் பள்ளம் எதுவும் இல்லை. பாதை நன்றாகத்தான் இருந்தது.

"என்ன மாப்ள?"



இரண்டு தட்டு.

போனேன்.

பின்னால் கார் ஹார்ன் அடித்தது. நீளமாக, விடாமல் அடித்தது. பெல்ட் அறுந்துவிட்டதோ என்று ஜன்னலை இறக்கித் தலையை நீட்டினேன். பெல்ட் சரியாக இருந்தது. வைப்பர் ஆடுகிற கண்ணாடிக்குப் பின்னால் பிரகதாம்பாள் முகம் தெரிந்தது. என்னைப் பார்க்கவில்லை. என் வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைக் கையால் பொத்தியிருந்தார்.

தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

தரைப்பாலம் வந்தது. மணி ஏழு ஐந்து. இருட்டிவிட்டது. தண்ணீர் கொஞ்சம் குறைந்திருந்தது.

பாலத்தில் ஏறினேன். பாதி தூரம் போயிருப்பேன்.

ஒரு தட்டு.

பாலத்தின் நடுவில் நிறுத்தக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கால் நிறுத்திவிட்டது.

"அருளு..."

ஒரு தட்டு.

"டேய், ஏறி உள்ள வாடா. வெளையாடாத."

ஒரு தட்டு... ஒரு தட்டு...

கதவைத் திறந்து பின்னால் பார்த்தேன். காரின் ஹெட்லைட் வெளிச்சம் நேராகப் படியின் மேல் விழுந்திருந்தது.

படி காலி.

உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது.  கதவைச் சாத்திக்கொண்டேன்.

காலுக்கு அடியில்...

இரண்டு தட்டு.

கால் மிதித்துவிட்டது. நான் மிதிக்கவில்லை, கால் மிதித்துவிட்டது. காரையும் இழுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து, தார் ரோட்டுக்கு வந்துதான் நிறுத்தினேன்.

இறங்கி ஓடிப்போய் ரகுநாத்திடம் கேட்டேன். "என் மாப்ளய எங்க சார்? எங்க எறங்குனான்?"

"பின்னாடி படியிலதான சார் நின்னாரு. நீலக் கோட்டு போட்டவரு. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால வரைக்கும் பாத்தேன். அப்பறம் காணோம்."

பிரகதாம்பாள் அழுதுகொண்டிருந்தார். "அண்ணே, அவரு எங்களப் பாத்துத்தான் நின்னாரு. எதையும் பிடிக்கலண்ணே. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, காத்துல தட்டிக்கிட்டே வந்தாரு. மேல ஏதோ கதவு இருக்குற மாதிரி... அதான் இவர ஹார்ன் அடிக்கச் சொன்னேன்."

அவர் சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை. அவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது. பாலத்துக்கு முன்னால் எங்கேயோ வழுக்கி விழுந்திருக்கிறான். கண்மாய்க்குள் உருண்டிருப்பான். அடிபட்டுக் கிடப்பான். இப்படித்தான் என் புத்தி ஓடியது.

தீயணைப்பு வண்டிக்குப் போன் போட்டேன். இலக்கியாவுக்கும் போட்டேன். "அவன் எங்க இருந்தாலும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள்.  எட்டரைக்குத் தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். பக்கத்து ஊரில் இருந்து கருப்பன் என்பவரும் இன்னும் நாலு பேரும் டார்ச்சோடு வந்தார்கள். நல்ல மனுசர்கள். கூப்பிடாமலே வந்தவர்கள்.

தீயணைப்பு அதிகாரி பாலத்தில் நின்று கீழே டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இங்க போயிருப்பாரா? இந்தக் குழாயக் கொஞ்சம் பாத்துடலாமா?"

"இல்ல சார். பாலத்தத் தாண்டி என்கூட வந்தான் சார். கார் வரைக்கும் வந்தான். தட்டிக்கிட்டே வந்தான் சார். இவங்களும் பாத்திருக்காங்க."

ரகுநாத்தும் ஆமாம் என்றார். அதிகாரி தலையை ஆட்டினார். எல்லோரும் பாலத்தைக் கடந்து கண்மாய்ப் பக்கம் போனோம். நான்தான் வண்டியை ஓட்டி வழி காட்டினேன்.

கார் நின்ற பள்ளத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுத் தேடினோம். கருவை முள்ளுக்குள் எல்லாம் தேடினோம். கயிறு கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கியும் தேடினார்கள். "அருளு, அருளு" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அப்போதும் வண்டியில் இருந்து அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு தட்டு...

கொஞ்ச நேரம் கழித்து ஒரு தட்டு...

ஆள் இல்லாத வண்டி. அணைத்துப்போட்ட வண்டி.

எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்தேன். இல்லை. கருப்பன் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். 

"அண்ணே, மனசத் தேத்திக்கங்க. ஆளு முடிஞ்சிருச்சு. அதான் தட்டுது. போக மனசு இல்லாம வண்டியச் சுத்திக்கிட்டு நிக்குது."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"சூடம் ஏத்தி, நல்லபடியா போகச் சொல்லுங்க. உறமொறைக்காரரு நீங்கதான் சொல்லணும். விட்டீங்கன்னா விடிய விடிய அல்லாடும், பாவம்."

எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வோம். அகால மரணம் என்றால் சொந்தக்காரர் ஒருவர் முன்னால் நின்று போகச் சொல்ல வேண்டும். சொன்னால் போய்விடும். வண்டியில் சாமி படத்துக்குக் காட்ட சூடம் வைத்திருந்தேன். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், மழை படாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு ஏற்றினேன். ஈரக் காற்றில் மூன்று குச்சி அணைந்தது. நாலாவதில் பிடித்தது.

சக்கரத்தின் அடியில் ஒரு தட்டு.

என்னால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே சொன்னேன். "போயிருடா மாப்ள. அக்காவ நான் பாத்துக்கிறேன். பயமுறுத்தாதடா. தட்டாத. போயிருடா."

இன்னும் ஒரு தட்டு. மெதுவாக.

பிறகு நின்றுவிட்டது.

காத்திருந்தோம். வரவில்லை. கருப்பன் மேலே பார்த்துக் கும்பிட்டார். பொழுது விடிய இன்னும் நேரம் இருந்தது. சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சத்தம் நின்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது.

காலையில் மழை விட்டது. கலுங்குத் தண்ணீர் வடிந்ததும் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்ற ஓர் ஆள், குழாய் வாயில் நீலமாக ஏதோ தெரிகிறது என்று கத்தினார்.

நடுக் குழாய். திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் நான் வண்டியை நிறுத்திய இடத்துக்கு நேர் கீழே.

என் வண்டி எகிறி ஏறியபோதே வழுக்கி விழுந்து, தண்ணீர் இழுத்துக் குழாய்க்குள் போயிருக்கிறான். அக்கரைக்கு அவன் வரவே இல்லை. அவன் டயருக்குப் போட்ட கிளைகளும் பின்னாலேயே வந்து வாயை அடைத்துவிட்டன. மறுமுனையில் ஆள் உயரத்துக்கு வண்டல். வெளியே வர வழியில்லை. ஆனால் கிளை அடைத்ததால் உள்ளே தண்ணீரும் சீக்கிரம் நிறையவில்லை. மேலே ஒரு சாண் காற்று இருந்திருக்கிறது.

ஜேசிபி கொண்டுவந்து குழாயை உடைத்து எடுத்தார்கள். மல்லாந்து கிடந்தான். இரண்டு கையும் தலைக்கு மேலே, குழாயின் கூரையைத் தொட்டுக்கொண்டு விறைத்திருந்தன. உள்ளங்கையில் தோல் இல்லை. அப்போதுதான் பிரகதாம்பாள் சொன்னது எனக்கு உறைத்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மட் டயர் போட்டிருந்தால் அந்தக் களிமண்ணில் வண்டி சுற்றாமல் ஏறியிருக்குமா? ஜஸ்டினிடம் கேட்டேன். "ஏறியிருக்கும்ணே" என்று ஒரு தடவை சொன்னார். அதன் பிறகு நான் கேட்டால் அவர் பேச்சை மாற்றிவிடுகிறார். எனக்கு இப்போது அது பெரிய விஷயமாகவும் தெரியவில்லை.

படியில் நின்றது யார், ஒரு கிலோமீட்டர் தள்ளி என் காலுக்கு அடியில் எப்படிக் கேட்டது, எனக்குத் தெரியாது. பூசாரி, ஜோசியர் என்று எல்லோரிடமும் கேட்டாகிவிட்டது. செத்தவன் வந்து தட்டினான் என்று நினைத்தால்கூட மனசு கொஞ்சம் ஆறும். அப்படி நினைக்கவும் வழியில்லாமல் போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் பிரேதப் பரிசோதனை முடித்து வெளியே வந்த டாக்டர், இலக்கியாவைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"விழுந்ததுல பெரிய அடி இல்லங்க. தண்ணியும் உடனே குடிக்கல. ரொம்ப நேரம் உயிரோட இருந்திருக்காரு. நீங்க எல்லாம் எங்க தேடுனீங்க?"

நான் சொன்னேன். 

"எத்தன மணி வரைக்கும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"சரியா சொல்ல முடியாது. விடியக்காலம் மூணு மணி வாக்குல உயிர் போயிருக்கும்."

நான் சூடம் ஏற்றியபோது கருப்பன் மணி பார்த்தார். மூன்றாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.